நாலாம் நம்பர் குழாய்

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே முயல் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்துக்குப் பின்னால் கம்பிவலைக் கூண்டில் நாலு முயல்கள் வளர்த்தோம். கிருமிப் பரிசோதனைக்கு முயல் ரத்தத்திலிருந்து தெளிந்து நிற்கும் பிளாஸ்மா வேண்டும். காதோர நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது நாலு வருஷமாக என் வேலை. எடுத்த ஒவ்வொரு நாளும் என் முன்கையில் நகக்கீறல் இருக்கும். அவள் வந்தாள். முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். காதை இரண்டு விரலால் நீவிக்கொடுத்தாள். அது அசையாமல் கிடந்தது. குழாய் நிறைந்ததும் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுக்குப் போயா அக்கா இத்தினி நாளா பேஜார் பட்டீங்க?"

அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் கோபப்பட்டு முடித்திருப்பேன்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பெரிய ரோட்டை ஒட்டியிருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. இப்போது இல்லை. நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவர்கள் கை காலெல்லாம் புண்ணோடு எங்களிடம் வருவார்கள். அந்தப் புண்ணின் சீழைத் தடவி எடுத்து, தட்டில் வளர்த்து, எந்தக் கிருமி என்று சொல்வது எங்கள் வேலை. எங்கள் என்று சொன்னாலும் அவள் வரும்வரை நான் மட்டும்தான். குடியாத்தத்தில் தறி வீட்டில் பிறந்த நான் பத்தாவது முடித்து, ஒரு வருஷம் பயிற்சி எடுத்து அங்கே சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். டாக்டரம்மா, அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர், என் கையெழுத்தைப் பார்த்தால் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் சீட்டில் கையெழுத்துப் போடுவார். அந்த நம்பிக்கைதான் என் சொத்து என்று நினைத்திருந்தேன்.

அவள் ஆம்பூர்க்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. மெட்ராஸில் படித்துவிட்டு வந்திருந்தாள். எதையும் சும்மா விடமாட்டாள். சூடுபெட்டியில், அதாவது கிருமிகளை வெதுவெதுப்பில் வைக்கும் பெட்டியில், நான் காலையில் குழாய்களை வைத்தால் மறுநாள் காலையில்தான் எடுத்துப் பார்ப்பேன். அவள் மணிக்கொரு தரம் போய்க் கதவைத் திறப்பாள்.

"அடிக்கடி தொறந்தா சூடு போய்டும்" என்பேன்.

"ஒரு தடவ பாத்துக்கறேன் அக்கா, டக்குனு மூடிடுவேன்."

டாக்டரம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். என்னோடு அவர் நாலு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு போனேன். அவள் தலை வாரும் விதம், அவள் சோற்று டப்பா, 'ஜாஸ்தி', 'கம்மி' என்று அவள் பேசும் பேச்சு, எல்லாம் எனக்குக் குற்றமாகப் பட்டது. நானும் அப்படித்தான் பேசுவேன் என்பது அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷம் எங்கள் பிரசவ வார்டில் பிறந்த குழந்தைகளுக்கு மூன்றாம் நாள், நாலாம் நாள் தோலில் சீழ்க் கொப்புளம் வர ஆரம்பித்தது. காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் குலை போல இருக்கும். அதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று மனிதத் தோலில் சும்மா குடியிருப்பது. இன்னொன்று சீழ் பிடிக்க வைப்பது. பிளாஸ்மாவில் கலந்து சூடுபெட்டியில் வைத்தால் கெட்டது பிளாஸ்மாவை உறைய வைக்கும், தயிர் தோய்ந்த மாதிரி. அதுவரைக்கும்தான் எங்களால் சொல்ல முடியும். கெட்டதிலேயே எந்த வகை என்று பிரிக்க, தூரத்தில் இருந்த ஒரு பெரிய சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். கிருமியையே தின்னும் வைரஸ்கள் சிலவற்றை அவர்கள் வளர்த்து வைத்திருந்தார்கள். எது எந்தக் கிருமியைத் தின்கிறது என்று பார்த்து அதற்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். எல்லாக் குழந்தைகளின் கொப்புளத்திலும் ஒரே நம்பர் வந்தால், வார்டில் யாரோ ஒருவரிடமிருந்துதான் பரவுகிறது என்று தெரிந்துவிடும்.

டாக்டரம்மா எழுதிக் கேட்டார். அவர்களிடமிருந்து பதிலோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று எழுதி அனுப்புவதில் பாதி அதுவாகவே இருப்பதில்லை. ஆகவே முதலில் இந்தப் பத்துக் குழாய்களையும் சோதித்து எது என்ன என்று எழுதுங்கள், உங்கள் கை எப்படி என்று பார்த்துவிட்டு உங்கள் கிருமிகளை வாங்கிக்கொள்கிறோம் என்று கடிதம் சொன்னது. குழாய்களில் நம்பரைத் தவிர ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் தனித்தனியா செய்யுங்க. பேசிக்கக் கூடாது, பாத்துக்கக் கூடாது. தனித்தனி ரிப்போர்ட் அனுப்பப் போறேன்."

நாலு வருஷம் வேலை செய்தவளையும் நாலு மாசத்துக்காரியையும் ஒரே பரீட்சையில் உட்கார வைக்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த மூன்று நாளும் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொரு குழாயிலிருந்தும் கிருமியைச் சாதாரண தட்டில் வளர்த்தேன். ரத்தம் கலந்த தட்டை நான் தொடுவதே இல்லை. ஆட்டு ரத்தம் சேர்த்துச் செய்யும் அந்தத் தட்டின் வாடை எனக்கு ஆகாது. வளர்ந்ததில் ஒரு துளி எடுத்துப் பெராக்ஸைடில் வைத்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் நுரைக்கும். நாலாம் நம்பர் நுரைக்கவில்லை. 'நுரை இல்லை. ஸ்டெஃப் அல்ல' என்று குறிப்பு நோட்டில் எழுதிவிட்டு, அதைப் பிளாஸ்மாவில் போடாமலேயே ஒதுக்கினேன். மற்றதைப் போட்டு மறுநாள் காலையில் பார்த்தேன். ஏழாம் நம்பர் தண்ணீராக இருந்தது. உறையவில்லை, கெட்டது அல்ல என்று எழுதினேன்.

அன்று பதினோரு மணிக்கு அவள் டீ குடிக்கப் போனாள். அவள் நோட்டு மேஜைமேல் திறந்தபடி கிடந்தது.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி, வாசலைப் பார்த்து, நடந்து போய்ப் பார்த்தேன்.

ஏழாம் நம்பருக்கு அவள் எழுதியிருந்தாள்: 'நாலு மணி நேரத்தில் உறைந்தது. காலையில் கரைந்துவிட்டது. கெட்டதுதான்.' சில கிருமிகள் தாம் உறைய வைத்ததைத் தாமே கரைத்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். படித்ததோடு சரி. அவள் கதவைத் திறந்து திறந்து பார்த்தது இதற்குத்தான்.

நாலாம் நம்பருக்கு நேரே: 'நுரை வந்தது. நாலு மணி நேரத்தில் உறையவில்லை. காலையில் உறைந்தது. கெட்ட ஸ்டெஃப்.'

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நாலாம் நம்பரின் தட்டு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்னொரு தடவை பெராக்ஸைடில் வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது. நான் பார்க்கவில்லை. ஏழில் அவள் சரி என்றால் நாலிலும் அவள்தான் சரியாக இருப்பாள் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. அவளை எப்போதும் மட்டமாகவே பேசிக்கொண்டிருந்த நான், உள்ளுக்குள் அவள் சொன்னால் அது வேதம் என்று நம்பியிருக்கிறேன். என் நோட்டில் அந்த இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்தேன். ரிப்போர்ட்டில் அவள் எழுதியதையே எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. டாக்டரம்மா எங்கள் இருவர் ரிப்போர்ட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஏழாம் நம்பர்ல நெறைய ஆஸ்பத்திரி ஏமாந்துட்டாங்களாம். நீங்க ரெண்டு பேரும் சரி. ஆனா நாலாம் நம்பர் ஸ்டெஃபே இல்ல, வேற கிருமி. வேணும்னே கலந்து அனுப்பியிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே தப்பு." கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு ஒண்ணா இருந்தா பரவால்ல. வார்த்தையும் ஒண்ணா இருக்கு. அவங்களும் அதையே கேட்டு எழுதியிருக்காங்க. ரெண்டாவது பெட்டி அனுப்புவாங்களாம். அது சரியா வர்ற வரைக்கும் நம்ம கிருமிய அனுப்பக் கூடாதாம்."

பிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ அக்காவோட நோட்டப் பாத்தியா?"

"இல்ல டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லு."

"பாக்கல டாக்டர். தப்பு என்னுதுதான். ஆனா நானாதான் செஞ்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று போயிற்று.

அவளைக் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். பழைய குழாய்களையும் தட்டுகளையும் கொதிக்க வைத்துக் கழுவி அடுக்கும் வேலை. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேஜை முழுக்க மறுபடி என்னுடையதாயிற்று. சூடுபெட்டியின் கதவை யாரும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பிரசவ வார்டிலிருந்து ஒரு குழந்தையின் சீழ் வந்தது. தோல் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிற ஒருத்தியின் தலைச்சன் பெண். மார்பில் கட்டி. தட்டில் பொன்னிறமாக வளர்ந்தது, பிளாஸ்மா உறைந்தது, நான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் அதை எங்கேயும் அனுப்ப முடியாது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு குழந்தைகள். அந்த முதல் குழந்தைக்குக் கட்டியைக் கீறினார்கள். ஜுரம் இறங்காமல் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தையின் அப்பா சோதனைக்கூட வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "இன்னாம்மா, எதுனால வந்துச்சுன்னு கண்டுபுடிச்சீங்களா?" இன்னும் இல்லை என்றேன். குழந்தை பிழைத்துத் திரும்பி வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியோடுதான் நான் பல நாள் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் கழுவும் அறைக்குக் குழாய் எடுக்கப் போனேன். அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். கை இரண்டும் சலவைச் சோடாத் தண்ணீரில் வெளுத்துப்போயிருந்தன.

"அக்கா, ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள். ஜன்னல் விளிம்பில் இரண்டு தட்டுகள் வைத்திருந்தாள். "பழைய குழாயெல்லாம் வேக வெக்க வந்துச்சு. அதுல நாலாம் நம்பர் இருந்துச்சு. வேக வெக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு தட்டுல போட்டுப் பாத்தேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியணும்ல?"

"தெரிஞ்சுதா?"

"நான் ரத்தத் தட்டுலேர்ந்து எடுத்தேன். ரத்தமே பெராக்ஸைடுல நுரைக்கும். கிருமியோட ரத்தமும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. அந்த நுரையப் பாத்து ஏமாந்துட்டேன். பிளாஸ்மா உறையாம இருக்க நாம சிட்ரேட்டு போடுறோம்ல, இந்தக் கிருமி ராத்திரியெல்லாம் அதத் தின்னுடுது போல. அதனால தானா உறைஞ்சிருக்கு." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தன் தப்பைக் கண்டுபிடித்ததில் அத்தனை சந்தோஷம். பிறகு அந்த வெளிச்சம் போயிற்று. "சாதா தட்டுலேர்ந்து எடுத்தா நுரையே வரல அக்கா. நீங்க ரத்தத் தட்டத் தொடவே மாட்டீங்க. உங்களுக்கு எப்பிடி நுரை வந்துச்சு?"

பாத்திரத்தில் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்துக்கொண்டிருந்தன.

"நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா, மாட்டிக்கிட்டு அடுத்தவ மேல பழி போடுறான்னுவாங்க. நீங்கதான் சொல்லணும். எங்கப்பா தினம் கேக்குறாரு, பாட்டில் கழுவவா உன்ன மெட்ராஸ் அனுப்பிப் படிக்க வெச்சேன்னு."

"நீ எழுதினதுதான் சரியா இருக்கும்னு நெனச்சேன்" என்றேன்.

"நானா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நீங்க நாலு வருஷமா பாக்குறவங்க அக்கா. உங்க நோட்டு என் கையில கெடச்சா நான்தான் என்னுத மாத்திருப்பேன்னு பயந்து அந்தப் பக்கமே வராம இருந்தேன்."

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் டாக்டரம்மா அறைவரை போய், மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் நாள் குறிப்பு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அது இருந்தால் வேறு கதை சொல்ல முடியாது.

டாக்டரம்மா அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது.

"நாலாம் நம்பர சரியா எழுதிட்டு அடிச்சிருக்கியே?"

"ஆமா டாக்டர்."

"ஏன்?"

"அவ என்னவிட நல்லா செய்யறா டாக்டர்."

"அது எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வார்த்தை இறங்கிய இடம் இன்றும் ஆறவில்லை. "அதுக்காகவா உன்ன வெச்சிருக்கேன்? நீ பாத்தத நீ எழுதுவேன்னு வெச்சிருந்தேன். நான் அந்தப் பொண்ணச் சந்தேகப்பட்டதும் உன்ன நம்பித்தான். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு வெச்சிட்டியே."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். என் ரிப்போர்ட் நான் தனியாகச் செய்தது அல்ல, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், இன்னொருவர் ரிப்போர்ட் முழுக்க அவருடையதே என்று பெரிய சோதனைச்சாலைக்கு என் கையாலேயே கடிதம். மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டில் எங்கேயோ ஒரு சாக்கு நுழைந்திருந்தது. டாக்டரம்மா அதைக் காட்டி மறுபடி எழுத வைத்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, "நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேன்மா, மன்னிச்சுக்க" என்றார். நானும் கேட்டேன். அவள் டாக்டரம்மாவிடம் அழுதாள். என்னிடம் "சரி அக்கா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் தோஸ்தாகிவிட்டோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

அடுத்த நாள் அவள் மேஜைக்குத் திரும்பினாள், கழுவும் அறைக்கு நான் போனேன். இரண்டு மாசம் அங்கே இருந்தேன். இரண்டாவது பெட்டி வந்தபோது டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டு, இரண்டு பேரையும் இரண்டு அறையில் வைத்துச் செய்யச் சொன்னார். சூடுபெட்டியை மட்டும் பொதுவில் விட்டார். நாலாவது மணி நேரத்தில் குழாய் பார்க்க நான் போனபோது அவளும் வந்தாள். ஒருவர் பார்த்து முடிக்கும்வரை மற்றவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முடிவு வந்தபோது அவளுக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு ஒன்பது. ஆனால் அந்த ஒன்பதும் என்னுடையது.

அதன் பிறகுதான் குழந்தைகளின் கிருமிகளை அனுப்ப முடிந்தது. வார்டில் வேலை செய்கிற எல்லாருடைய மூக்கிலும் பஞ்சை விட்டு எடுத்து அதையும் அனுப்பினோம். கொப்புளத்தில் இருந்த அதே வகை ஒரு நர்ஸின் மூக்கில் இருந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு நோயும் இல்லை. தெரிந்தபோது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை வேறு வார்டுக்கு மாற்றி மருந்து கொடுத்தார்கள். கொப்புளம் குறைந்தது, பிறகு நின்றது. எங்கள் தாமதத்தில் எத்தனை குழந்தைகளுக்கு வந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து, வகை பிரிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள அந்தப் பெரிய சோதனைச்சாலை அவளைக் கூப்பிட்டது. ஆறு மாசம் என்று போனாள், அங்கேயே நிரந்தரமாகிவிட்டாள். ஆம்பூர் ஸ்டேஷனில் வழியனுப்ப டாக்டரம்மா போனார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதிய முதல் கடிதத்துக்கு இரண்டு மாசம் கழித்துத்தான் பதில் போட்டேன். அதிலும் இரண்டு வரி.

பிறகு அந்தக் குழாய்ப் பெட்டி வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வழக்கமாயிற்று. மூன்றாம் வருஷம் வந்த பெட்டியில் நம்பர்கள் அவள் கையெழுத்தில் இருந்தன. ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் பரீட்சை வைக்கும் வேலை அவளுடையதாகியிருந்தது. எங்கே என்ன ஒளித்து வைத்திருப்பாள் என்று ஒவ்வொரு குழாயையும் சந்தேகப்பட்டேன். மணிக்கொரு தரம் சூடுபெட்டியைத் திறந்தேன். ரத்தத் தட்டு, சாதா தட்டு இரண்டிலும் வளர்த்தேன். பதில் வந்தபோது ஒன்பதாம் நம்பரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அடியில் லேசாகத் திரண்ட மாதிரி தெரிந்ததை உறைந்தது என்று எடுத்துக்கொண்டு நான் கெட்டது என்று எழுதியிருந்தேன். இல்லை என்று அவள் எழுதியிருந்தாள், கீழே அவள் கையெழுத்தோடு.

அந்தக் குழாயை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். மறுபடி வளர்த்து மூன்று தடவை செய்து பார்த்தேன், புது பிளாஸ்மா எடுத்து. ஒரே ஒரு தடவையாவது அவள் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே செய்தேன். மூன்று தடவையும் உறையவில்லை. அவள் எழுதியதுதான் சரி. அப்படியே நோட்டில் எழுதினேன். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.